ஆடுதீண்டாப்பாளை: மூலிகைப் பக்கத்துக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் மூலிகைப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். சென்ற வாரம் ஆடுதீண்டாப்பாளையைப் பற்றிய குறிப்பு வந்திருந்தது. இலையை நிழலில் உலர்த்தித் தூளாக்கி, காலையும் மாலையும் அரை ஸ்பூன் வெந்நீரில் கலந்து ஒரு மண்டலம் சாப்பிட்டால் குடல் புழு, கரப்பான் என்னும் தோல் நோய், வெள்ளைப்படுதல் மூன்றும் தீரும் என்றும், பக்க விளைவு எதுவும் கிடையாது என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரி முற்றிலும் தவறானது. சிறுநீரகத்தை மீட்க முடியாதபடி கெடுத்து, பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய செடி அது. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகும் ஒரு பத்திரிகையில் இது திருத்தப்படாமல் நிற்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். பணிக்காலத்தின் பெரும்பகுதியை அரசு மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவில் கழித்தேன். சித்த மருத்துவத்தின் மீது எனக்குப் பகை இல்லை. காய்ச்சல் காலத்தில் எங்கள் வீட்டில் நிலவேம்புக் கஷாயம் இன்றும் காய்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களோடு ஒரே வளாகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் நாடி பார்த்து, வயதும் வலுவும் பார்த்து, பத்தியம் சொல்லி மருந்து கொடுப்பவர்கள். ஒரு செடியின் படத்தைப் போட்டு, அளவைச் சொல்லி, யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அச்சிடுவது அவர்கள் செய்கிற காரியம் அல்ல.

ஆடுதீண்டாப்பாளையும், பெருமருந்து அல்லது ஈஸ்வரமூலி என்று நாம் சொல்லும் கொடியும் அரிஸ்டோலோகியா என்ற ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தப் பேரினத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. வேர், தண்டு, இலை, விதை என்று எல்லாப் பகுதிகளிலும் கூடவோ குறையவோ இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இந்தச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் 2002-இலேயே சேர்த்துவிட்டது. புகையிலை இருப்பதும் அதே பிரிவில்தான். பின்னர் அந்த அமிலத்தையே தனியாகவும் அதே பிரிவில் வைத்தது.

இது எப்படித் தெரியவந்தது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். 1990-க்குப் பிறகு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கும் சிகிச்சைக்குப் போய்வந்த பெண்களில் சிலர், ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். முதலில் வந்த இருவரும் இளம்பெண்கள். சர்க்கரை நோய் இல்லை, வேறு பழைய வியாதியும் இல்லை. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோது அது நார் பாய்ந்து இறுகிப் போயிருந்தது. அந்த நாட்டின் சிறுநீரக மருத்துவர் வான்ஹெர்வெகெமும் அவருடைய குழுவினரும் விசாரித்ததில், எல்லோரும் ஒரே இடத்தில் எடை குறைக்க மாத்திரை வாங்கியவர்கள் என்று தெரிந்தது. பல ஆண்டுகளாகத் தொல்லையில்லாமல் நடந்துவந்த அந்தச் சிகிச்சையில், 1990-இல்தான் இரண்டு சீன மூலிகைகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். 1993-இல் இந்தச் செய்தி மருத்துவ இதழில் வந்தது. பிறகு சோதித்தபோது, ஸ்டெபானியா என்று எழுதி வந்த தூளில் இருந்தது அரிஸ்டோலோகியா என்று தெரிந்தது. இரண்டுக்கும் சீன மொழியில் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கோ ஒரு மூட்டையில் செடி மாறியது. நூறு பெண்கள் அளவில் பாதிக்கப்பட்டார்கள், பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள்.

அந்த மாத்திரைகளை நிறுத்திய பிறகும் சேதம் நிற்கவில்லை என்பதுதான் கொடுமை. சிறுநீரகம் தொடர்ந்து சுருங்கிக்கொண்டே போனது. அதற்கும் மேலாக, டயாலிசிஸில் இருந்தவர்களிலும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களிலும் சிலருக்குச் சிறுநீர்க்குழாயில் புற்றுநோய் தலைகாட்டத் தொடங்கியது. இனி வேலை செய்யாத பழைய சிறுநீரகங்களையும் அவற்றின் குழாய்களையும் முன்கூட்டியே அகற்றிவிடலாம் என்று மருத்துவர்கள் யோசனை சொன்னார்கள். 39 பேர் சம்மதித்தார்கள். அகற்றிய உறுப்புகளை ஆராய்ந்ததில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. மீதிப் பேரில் ஒரு சிலரைத் தவிர மற்ற அனைவருக்கும் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. ஜோயல் நோர்த்தியே என்ற பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதை 2000-இல் வெளியிட்டார்கள்.

அந்த ஆய்வில் உள்ள ஒரு கணக்கை நீங்கள் உங்கள் குறிப்போடு வைத்துப் பார்க்க வேண்டும். மொத்தமாக 200 கிராமுக்கு மேல் அந்தத் தூளைச் சாப்பிட்ட 15 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய். 200 கிராமோ அதற்குக் குறைவாகவோ சாப்பிட்ட 24 பேரில் 8 பேருக்குப் புற்றுநோய். நீங்கள் சொன்ன அரை ஸ்பூன் ஏறக்குறைய ஒரு கிராம் என்று வைத்தால், காலையும் மாலையுமாக ஒரு மண்டலத்தில், அதாவது 48 நாளில், ஏறக்குறைய நூறு கிராம் ஆகிறது. குணம் தெரிகிறது என்று இன்னொரு மண்டலம் தொடர்ந்தால் இருநூறு. செடி இனம் வேறு, அமிலத்தின் அளவும் வேறாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நஞ்சு ஒன்றேதான். எந்த அளவு வரை ஆபத்தில்லை என்று ஒரு கோடு போட்டுக் கொடுக்க எந்த மருத்துவராலும் முடியாது.

பெல்ஜியத்துக்கு முன்பே இந்த நஞ்சு ஐரோப்பாவின் இன்னொரு மூலையில் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கொன்றிருக்கிறது. டான்யூப் ஆற்றின் கிளையாறுகள் பாயும் குரோஷியா, போஸ்னியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா நாட்டுக் கிராமங்களில் விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வினோதமான சிறுநீரக நோய் வந்துகொண்டிருந்தது. 1950-களில் மருத்துவர்கள் அதை விவரித்து எழுதினார்கள். ஒரு கிராமத்தில் இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் இருக்காது. ஒரே வீட்டில் பலருக்கு வரும், ஆனால் பரம்பரை நோய் அல்ல, ஏனென்றால் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளுக்கும் பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்தது. சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போனவர்களுக்கு வரவில்லை. இந்த நோய் கண்டவர்களில் பாதிக்கு அருகில் சிறுநீர்ப் பாதையின் மேல்பகுதியில் புற்றுநோயும் வந்தது.

கிணற்று நீரைச் சந்தேகப்பட்டார்கள், தானியத்தில் பிடிக்கும் பூஞ்சணத்தைச் சந்தேகப்பட்டார்கள், வைரஸ், நிலக்கரி, உலோகம் என்று எதையும் விடவில்லை. 1969-இல் ஐவிச் என்பவர் ஒரு களைச் செடியைக் காட்டினார். கோதுமை வயலில் பயிரோடு பயிராக வளரும் அரிஸ்டோலோகியா. அறுவடையில் அதன் விதையும் கோதுமையோடு சேர்ந்துவிடுகிறது, மாவில் அரைபடுகிறது, ரொட்டியில் போகிறது என்றார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007-இல், அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் கிரோல்மன் குழுவினர் குரோஷிய நோயாளிகளின் சிறுநீரகத் திசுவில் அந்த அமிலத்தின் தடயத்தையே கண்டெடுத்தார்கள். ஐவிச் சொன்னது சரி என்று நிலைபெற்றது. அந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் அதே வயலில் விளைந்த ரொட்டியைச் சாப்பிட்டிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

காய்ச்சிக் குடித்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுப்பில் வெந்த ரொட்டியில் அது முறியவில்லை.

இந்த நஞ்சு உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். இரத்தத்தில் வரும் அமிலத்தைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வேண்டாததை வடித்து வெளியே அனுப்புவதுதான் அவற்றின் வேலை, அந்த வேலையே இங்கே வினையாகிறது. செல்லுக்குள் போன அமிலம் உருமாறி மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. மரபணு எழுத்துகளில் அடினின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்து உட்காருகிறது. இந்தக் குறிப்பிட்ட மாற்றம் வேறு காரணங்களால் இவ்வளவு அதிகமாக வருவதில்லை. அதனால் புற்றுநோய்க் கட்டியை ஆராய்ந்தாலே அரிஸ்டோலோகியா வந்துபோன தடம் தெரிந்துவிடுகிறது. ஒட்டிக்கொண்டது சிறுநீரகத்தில் பல பத்தாண்டுகள்கூடத் தங்கியிருக்கும். இருபது வயதில் சாப்பிட்டதை ஐம்பது வயதுச் சிறுநீரகம் காட்டிக்கொடுக்கும். செல்கள் ஒரு பக்கம் மடிந்து தழும்பாகின்றன, இன்னொரு பக்கம் பிழைத்துக் கிடப்பவை கட்டுப்பாட்டை இழக்கின்றன. நாள்பட்ட சிறுநீரக நோயும் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயும் இங்கே ஒரே காரணத்திலிருந்து பிறக்கும் இரண்டு நோய்கள்.

தைவானில் இது நாடளாவிய பிரச்சினை ஆனது. அங்கே பாரம்பரிய மருந்துகளுக்கும் அரசுக் காப்பீடு உண்டு, எந்த மருந்து எவ்வளவு பேருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவும் உண்டு. 1997 முதல் 2003 வரை மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த அமிலம் கொண்ட மூலிகை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. சிறுநீர்ப் பாதையின் மேல்பகுதிப் புற்றுநோய் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று தைவான். டயாலிசிஸ் நோயாளிகளும் அங்கே மிக அதிகம். அந்தப் புற்றுநோய் கண்ட 151 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். 60 சதவீதம் பேரின் சிறுநீரகத்தில் அமிலத்தின் தடயம் இருந்தது. அதற்கு முன்பே, 2003-இல், அரசு அந்த மூலிகைகளைத் தடை செய்துவிட்டது. மரபு மருத்துவத்தை மதித்துக் காப்பீடு கொடுத்த ஒரு நாடுதான் இந்தத் தடையையும் போட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கில மருத்துவக்காரர்கள் சித்த மருத்துவத்தின் மீது பழி போடுகிறார்கள் என்று இதற்குப் பதில் எழுத யாராவது பேனாவை எடுப்பார்கள். ஆங்கில மருந்தும் இதே கொடுமையைச் செய்திருக்கிறது. பெனாசிட்டின் என்ற வலி மருந்து தலைவலித் தூளாக உலகம் முழுவதும் விற்றது. ஸ்வீடனின் ஹுஸ்க்வார்னா என்ற ஆலை ஊரில் தொழிலாளர்கள் அதைத் தினமும் சாப்பிட்டார்கள், விருந்துக்குப் போனால் பரிசாகக்கூடக் கொடுத்தார்கள் என்கிறார்கள். சிறுநீரகம் கெட்டது. 1965-இல், அப்படிக் கெட்டவர்களுக்குச் சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் பகுதியில் புற்றுநோய் வருவதை அந்த நாட்டு மருத்துவர்களே எழுதினார்கள். பிறகு நாட்டுக்கு நாடு அந்த மருந்தை விலக்கினார்கள். ஆலையில் செய்ததா வயலில் விளைந்ததா என்பது சிறுநீரகத்துக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணமானவர் எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு பெண். கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம். பூக்கட்டி விற்பவர். நாற்பதைத் தாண்டிய வயது. உடம்பெல்லாம் வெளிறி, மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி வந்தார். ஹீமோகுளோபின் ஆறு. இரத்தசோகைக்கு ஊரில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சிறுநீரகம் வடிக்காமல் இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினினைப் பார்த்தபோது டயாலிசிஸ் தவிர வழியில்லாத அளவு. சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் பெரிதாக இல்லை. முகத்திலும் காலிலும் வீக்கம் இல்லை. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிக் கிடந்தன. காரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் ஃபிஸ்டுலா என்ற இரத்தக்குழாய் இணைப்பைப் போட்டு, வாரத்தில் இரண்டு முறை மிஷினில் படுக்க வைத்தோம். நல்ல மனுஷி. வரும்போது வார்டில் இருக்கும் எல்லோருக்கும் கிள்ளிக் கிள்ளிப் பூ கொண்டுவருவார்.

சில ஆண்டுகள் அப்படிப் போயின. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நாளாக ஆகச் சிறுநீர் குறைந்துவிடும். அவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கூட இல்லை. அதில் சிவப்பாகப் போனதை உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டு, டயாலிசிஸ் நோயாளிகள் தொடவே கூடாத இளநீரை வாங்கிக் குடித்திருக்கிறார். என்னிடம் சொன்னபோது, "வலி ஒன்றும் இல்லை சிஸ்டர், அதனால்தான் சொல்லவில்லை" என்றார். வலி இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சிறுநீர்க்குழாயில் கட்டி, அதைத் தாண்டியும் பரவியிருந்தது. இந்தப் புற்றுநோய்க்கு முதலில் நினைக்கும் மருந்தான சிஸ்பிளாட்டினைச் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குத்தான் துணிந்து கொடுக்க முடியும். அவருக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது.

அவருடைய மாமியார் ஒரு நாள் என்னோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: கல்யாணமான புதிதிலிருந்தே மருமகளுக்குக் கரப்பானும் வெள்ளைப்படுதலும் உண்டு, பாளை இலைத் தூள் வருடக்கணக்காகச் சாப்பிட்டுத்தான் தோல் தேறியது என்று. எந்தப் பாளை என்று கேட்டேன். வரப்பில் படரும் செடி, இலையைக் கசக்கினால் குமட்டும் என்றார். அந்தத் தூள்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை, பொட்டலமும் எப்போதோ காலியாகிவிட்டது. ஆனால் சர்க்கரையும் கொதிப்பும் இல்லாமல் சுருங்கிய சிறுநீரகம், சிறுநீரகக் கேட்டின் அளவுக்கு மீறிய இரத்தசோகை, வீக்கம் இல்லாத முகம், சில ஆண்டுகளில் சிறுநீர்க்குழாயில் கட்டி என்ற இதே வரிசையைப் பிற்பாடு ஒரு சிறுநீரக மருத்துவர் எங்களுக்கு எடுத்த வகுப்பில் கேட்டபோது, என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

எங்கள் நோயாளி விவரத் தாளில் சர்க்கரை உண்டா, கொதிப்பு உண்டா, கல் உண்டா, வலி மாத்திரை சாப்பிட்டதுண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. நாட்டு மருந்து என்ற கட்டம் இல்லை. கேட்டாலும் நம் மக்கள் மருத்துவமனையில் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள், டாக்டர் திட்டுவார் என்ற பயம். ஆகவே கேட்கிற முறையும் மாற வேண்டும். "நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா?" என்று குற்றம் கண்டுபிடிப்பதுபோல் கேட்டால் இல்லை என்றுதான் வரும். "தோலுக்கு, வயிற்றுக்கு, மாதவிலக்குக்கு வீட்டில் என்ன வைத்தியம் செய்வீர்கள்?" என்று அருகில் உட்கார்ந்து கேட்டால், பெண்கள் ஒன்றுவிடாமல் சொல்வார்கள். மருத்துவமனைகள் இந்த ஒரு கேள்வியைச் சேர்க்க ஒரு பைசா செலவில்லை. பதில் ஆம் என்று வந்தால், அந்த நோயாளியைச் சிறுநீரக நோயாளியாக மட்டும் பார்க்காமல், புற்றுநோய் வரக்கூடியவராகவும் பார்த்து, சிறுநீரில் மாறிய செல்கள் இருக்கின்றனவா என்ற சோதனையையும் ஸ்கேனையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்கள். பழைய சிறுநீரகமும் குழாயும் உள்ளேயேதான் இருக்கும், அவற்றில் முளைப்பதைத் தடுக்க உடலுக்கு வலு குறைவு.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள். நல்ல முயற்சி, சர்க்கரை நோயாளிகளுக்கு மிகவும் பயன்படுகிறது. ஆனால் இந்த நஞ்சு வடிகட்டியை விட்டுவிட்டு நுண்குழாய்களைத் தாக்குவதால் புரதம் பெரும்பாலும் கொஞ்சமாகத்தான் போகும், அதுவும் பட்டை எளிதில் காட்டாத சிறு புரதங்களாக. பட்டை நிறம் மாறவில்லை என்று நிம்மதியாகப் போய்விட முடியாது. இரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்க்க வேண்டும்.

நாட்டு மருந்துக் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரஸ்ஸல்ஸில் அந்தக் கேடு ஒரு மூட்டையில் பெயர் மாறியதால் நேர்ந்தது. நம் கடைகளில் பொட்டலத்தின் மேல் பெயரே இருப்பதில்லை. இருந்தாலும் ஒரே பெயரை ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிக்குச் சொல்கிறோம். எந்தச் செடி, அதன் தாவரவியல் பெயர் என்ன, எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிட வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கறாராகச் சொல்ல வேண்டும். அரிஸ்டோலோகியா சேர்ந்த எதையும் சீட்டில்லாமல் கையில் கொடுப்பது நிற்க வேண்டும். சித்த மருத்துவக் கல்லூரிகளில் இருப்பவர்கள் இதில் முன்னால் நின்று பேசினால் மக்கள் கேட்பார்கள், என்னைப் போன்ற நர்ஸ் சொல்வதைவிட அதற்கு மரியாதை அதிகம்.

வேலியில் படர்ந்திருக்கும் பெருமருந்துக் கொடியை யாரும் வெட்டி எறிய வேண்டியதில்லை. பாம்பு வராது என்று வளர்க்கிறார்கள், வளர்க்கட்டும். தொட்டதால் யாருக்கும் சிறுநீரகம் கெட்டுவிடப் போவதில்லை. அழகி என்று பெயர் பெற்ற பட்டாம்பூச்சிகளில் சில வகைகள் இந்தச் செடிகளைத் தேடி வந்துதான் முட்டையிடுகின்றன. புழுக்கள் இலையைத் தின்று அந்த அமிலத்தைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அவற்றை விட்டுவிடுகின்றன. செடி இருக்கட்டும், வாய்க்குள் போக வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, மூலிகைப் பக்கத்தின் மூலையில் நான்கு வரித் திருத்தம் போட்டு முடித்துவிடாதீர்கள். குறிப்பு வந்த அளவுக்கு, அதே படத்தோடு, சாப்பிடக் கூடாது என்று வெளியிடுங்கள். வீட்டுப் பெண்கள் மூலிகைக் குறிப்புகளைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைப்பார்கள். ஒட்டி வைத்ததைக் கிழிக்கிற அளவுக்கு அந்தத் திருத்தம் கண்ணில் பட வேண்டும். இனி இந்தப் பக்கத்துக்கு வரும் குறிப்புகளை அச்சேறும் முன் ஒரு சித்த மருத்துவரும் ஒரு சிறுநீரக மருத்துவரும் படித்துப் பார்க்க ஏற்பாடு செய்தால் மிகவும் நல்லது.

குறிப்பைப் படித்துவிட்டு ஏற்கெனவே தூளைச் சாப்பிடத் தொடங்கியவர்கள் இன்றே நிறுத்திவிடுங்கள். ஓரிரு நாள் சாப்பிட்டதற்காக அஞ்சி நடுங்க வேண்டாம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள், எப்போதோ இளவயதில் சாப்பிட்டவர்களும் சேர்த்துத்தான், அரசு மருத்துவமனையில் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீர் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் ஒரு முறை சிவந்து போய்த் தானாகவே சரியானாலும், வலியே இல்லாவிட்டாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்கள் டம்ளரில் கால்வாசிதான் போகிறது என்றாலும் அதன் நிறத்தைத் தினமும் பாருங்கள். டப்பாவில் மிச்சத் தூள் இருந்தால் எறிந்துவிடாமல், முடிந்தால் அந்தச் செடியின் இலையும் கொடியுமாக ஒரு துண்டையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நீங்கள் சாப்பிட்டது எந்தச் செடி என்று தெரிந்தால்தான் உங்களை எத்தனை காலம், எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
முசிறி, திருச்சி மாவட்டம்.